ஆடி மாதத்தில் ஏர்வாடி வரை

ஆகஸ்ட் 2, 2024, வெள்ளி – திருச்சி

குளித்தலையை நெருங்கியதும் பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். காவிரி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. ஜூலை 30ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. அதன் பிறகு திறந்துவிட்ட தண்ணீர் மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது. போன ஆண்டு இதே இடத்தில் மணல் திட்டுகளைத்தான் பார்த்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் கைப்பேசியைத் தூக்கிப் பேரனுக்கு ஆற்றைக் காட்டினார். பேரன் துபாயில் இருக்கிறானாம்.

ஆடிப்பெருக்கு பார்க்க நான் வரவில்லை. என் கல்லூரித் தோழி மனநல சமூகப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தான் கவனித்துவந்த குடும்பங்களை இன்றும் விடாமல் நேரில் போய்ப் பார்க்கிறார். இந்த முறை குணசீலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், ஏர்வாடி. என் வீட்டிலும் ஒருவருக்கு மனநோய் இருப்பதால், "வந்து பார், கோயம்புத்தூரில் உட்கார்ந்து பேசுவது வேறு" என்று என்னையும் கிளப்பிவிட்டார்.

இரவு தில்லைநகர் பக்கம் ஒரு சிறிய மெஸ்ஸில் இட்லியும் குடல் குழம்பும் சாப்பிட்டோம். இருவருக்கும் 190 ரூபாய். சாப்பிடும்போதே தோழி பாடம் ஆரம்பித்துவிட்டார். தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மனநல சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகும் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் வந்தது. அதற்கு நாடு முழுவதும் முதலில் எடுத்த 4 மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. "கீழ்ப்பாக்கம் வரைக்கும் கயிற்றால் கட்டிக் கூட்டிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று மாவட்ட மருத்துவமனையிலேயே மருந்து கிடைக்கிறது. ஆனால் மாவட்ட மருத்துவமனைக்கு யாரால் வர முடிகிறது என்று நீயே பார்" என்றார்.

ஆகஸ்ட் 3, சனி – குணசீலம்

காலை 7 மணிக்கே சத்திரம் பேருந்து நிலையத்தில் புதுப் புடவையும் பூஜைத் தட்டுமாகப் பெண்கள். தட்டுகளில் காதோலை, கருகமணி, மஞ்சள் சரடு. படித்துறையில் போலீஸார் தடுப்பு வைத்து யாரையும் ஆற்றில் இறங்க விடவில்லை. புதுமணத் தம்பதிகள் குழாய்த் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆறு நிறைந்திருக்கிறது என்ற மகிழ்ச்சியே எல்லார் முகத்திலும்.

முசிறி பஸ்ஸில் குணசீலம் இறங்கினோம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனநலம் பாதிக்கப்பட்டவர்களை இங்கே ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைத்து வழிபடுவது நெடுங்கால வழக்கம். உச்சிக்காலத்திலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். கோயிலை ஒட்டி அரசு அனுமதி பெற்ற மறுவாழ்வு இல்லமும் இருக்கிறது. மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார், மாத்திரையும் உண்டு.

உச்சிக்கால பூஜையில் ஒரு தகப்பனார் மகனுடைய தோளை அணைத்தபடி நின்றார். மகனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். பொறியியல் மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டவன். தீர்த்தம் முகத்தில் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பூஜை முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்தபோது அவர் மனம் விட்டுப் பேசினார். "ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊரில் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள் அம்மா. கோயிலுக்குப் போனால் வேண்டுதல் என்பார்கள். பின்னால் இவனுக்குத் தங்கை இருக்கிறாள், கல்யாணம் ஆக வேண்டும்." மாத்திரை சாப்பிடுகிறானா என்று தோழி கேட்டார். "சாப்பிடுகிறான். இங்கே வந்து சாப்பிடுகிறான். வீட்டில் இருந்தால் தட்டிவிடுவான்."

2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைத் தோழி நினைவுபடுத்தினார். நம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை, அவர்கள் கோயிலுக்கு வந்தபோதும் கிளம்பியபோதும் பெங்களூரு மனநல மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து எதுவும் தரப்படவில்லை. ஆனாலும் நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அடிக்காத, விரட்டாத, அன்பான இடத்தில் இருந்ததே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் வரிசை எண் கேட்காமல் படுக்க இடம் தரும் ஒரே இடமாகக் கோயில் இருக்கும்போது, ஏழைக் குடும்பங்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மதியம் மண்டபத்தில் ஒரு பாட்டி தூக்குவாளியைத் திறந்து எங்கள் இருவருக்கும் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் வைத்தார். வேண்டாம் என்றதற்குக் கோபமே வந்துவிட்டது. "பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு வெறும் வயிற்றோடு திரும்புவாயா?" என்றார். புளியோதரையில் கடலைப் பருப்பை நன்றாக வறுத்துப் போட்டிருந்தார். அவர் யாருக்காக அங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்கவில்லை. கை கழுவிய பின் தானே சொன்னார், மருமகளுக்காக. பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தொடாமல் இருந்த பெண், இப்போது தொட்டிலை ஆட்டுகிறாளாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு – புதுக்கோட்டை, இரவு ராமநாதபுரம்

நேற்றிரவே புதுக்கோட்டை வந்துவிட்டோம். காலையில் திருமயம் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். மாரியம்மன் கோயிலில் ஆடி ஞாயிற்றுக்குக் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயுமாக இரண்டு குவளை குடித்தேன். வெயிலுக்கு அதைவிட நல்ல உணவு இல்லை.

நாங்கள் பார்க்கப் போன பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் இரவில் வீட்டை விட்டு இறங்கி நடந்தவர். பல மாதம் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் போலீஸார் மீட்டு, புதுக்கோட்டையில் இருக்கும் அரசின் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையத்தில் சேர்த்தார்கள். தெருவில் திரியும் மனநோயாளிகளுக்காகத் தேனி, திருவண்ணாமலை, வேலூர், திருப்பூர் மாவட்டங்களிலும் இப்படி மையங்கள் இருக்கின்றன. அங்கே தேறி, ஊர்ப் பெயரைச் சொல்லி, திரும்பி வந்தார். வந்து பார்த்தால் கணவர் வேறு திருமணம் செய்துகொண்டிருந்தார். குடும்ப அட்டையில் இவர் பெயரை நீக்கிவிட்டிருந்தார்கள்.

இன்று அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார். நான்கு ஆடு வளர்க்கிறார். மாத்திரையை ஒரு நாளும் தவற விடுவதில்லை. அட்டையில் பெயர் இல்லாததால் ரேஷன் அரிசி இல்லை. அட்டையை வைத்துத் தரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் இல்லை. நோய் அவரை விட்டுப் போய்விட்டது. காகிதத்தில் மட்டும் அவர் இன்னும் திரும்பி வரவில்லை.

"ஆண் காணாமல் போனால் தாயோ மனைவியோ போட்டோவோடு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைகிறார்கள். பெண் போனால் பல வீடுகளில் புகார்கூடக் கொடுப்பதில்லை" என்றார் தோழி. அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டே எங்களுக்குச் சுக்குக் காபி கலக்கினார். "என் அண்ணன் புகார் கொடுத்தது அக்கா, அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதிக்கொண்டேன்.

பக்கத்துத் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் 'டிவி பஸ்' பற்றிச் சொன்னார். மனச்சிதைவு ஆய்வுக்கும் சிகிச்சைக்குமான சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இல் இந்த மாவட்டத்தில் தொடங்கிய நடமாடும் மனநல சிகிச்சை வண்டி அது. ஸ்கார்ஃப், டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கியது. ஊருக்குள் பஸ் வந்து நிற்கும். நோயாளி உள்ளே போய் உட்கார்ந்தால் திரையில் சென்னை மருத்துவர் பேசுவார். அவர் எழுதும் மருந்தைப் பஸ்ஸிலேயே இலவசமாகத் தருவார்கள். "முதலில் சினிமா காட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தன. அப்புறம் என் மச்சினனே ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தான். பஸ் ஏறப் பயப்படுகிறவன், பஸ்ஸே வீட்டுக்கு வந்தால் என்ன செய்வான்?" என்று பெரியவர் சிரித்தார்.

ஊருக்குள் போவதால் என்ன நடக்கிறது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம், கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) உள்ள 282 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பேசியவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்த இடம் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதிதான். மற்ற வசதிகள் குறைவாக இருந்த இடத்தில்தான் வீட்டுக்கு வந்த ஒருவரால் அதிகம் மாறியிருக்கிறது.

மாலையில் ராமநாதபுரம் கிளம்பினோம். இன்று ஆடி அமாவாசை என்பதை இரண்டு பேருமே மனதில் கொள்ளவில்லை. பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலிருந்து ரயில் ஓடாததால், ராமேஸ்வரம் போகிற கூட்டமும் திரும்புகிற கூட்டமும் மொத்தமாகப் பஸ்ஸில். காரைக்குடியில் இரண்டு பஸ்களை விட்டு, மூன்றாவதில் படியருகே நின்றுகொண்டோம். தேவகோட்டை தாண்டி டயர் பஞ்சர். ஒரு மணி நேரம் சாலையோரம், முகத்தில் அறையும் காற்று, வாயெல்லாம் மணல். எதிரில் இருந்த பெட்டிக்கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றவில்லை. டீ அதே 12 ரூபாய். வயதானவர்களுக்குக் கடையில் இருந்த இரண்டு நாற்காலிகளையும் எடுத்துக் கொடுத்தார். திதி கொடுத்துவிட்டு வந்த ஓர் இளைஞர், "அம்மா, நீங்கள் உட்காருங்கள்" என்று தன் பையைத் தரையில் வைத்து இடம் செய்து தந்தார். இரவு பத்தரைக்கு விடுதி. கால் இரண்டும் வீங்கிவிட்டன.

ஆகஸ்ட் 5, திங்கள் – கடலாடிப் பக்கம் ஒரு கிராமம்

இன்று பார்த்ததை எழுதத்தான் இந்தப் பயணக் குறிப்பையே எழுதுகிறேன் என்று சொல்லலாம்.

காலை ராமநாதபுரம் மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு. ஒரே மருத்துவர், வெளியே நூறு பேருக்கு மேல். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று பொறுமையாகவே கேட்டார். வரிசையில்தான் தோழிக்குப் பழக்கமான அந்தத் தாயையும் மகனையும் சந்தித்தோம். தாய்க்கு எழுபது இருக்கும், மகனுக்கு நாற்பத்தெட்டு. மனச்சிதைவு. மாதம் ஒரு ஊசி, அதோடு மாத்திரை. ஊசி போட்டுக்கொண்டு பகல் 1 மணிக்குக் கிளம்பியவர்களோடு நாங்களும் அவர்கள் ஊருக்குப் போனோம்.

அவர்கள் வழியை அப்படியே எழுதுகிறேன். அதிகாலை 5 மணிக்கு எழுந்து இரண்டு கிலோமீட்டர் நடை. அங்கிருந்து நகரப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் தாய்க்கு டிக்கெட் இல்லை. மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் மகனுக்கும் இல்லை. அட்டை இன்னும் எடுக்கவில்லை, அதனால் மகனுக்கு டிக்கெட். பிறகு புறநகர் பஸ். அதில் இருவருக்கும் டிக்கெட். வரிசையில் நிற்கும்போது மகனுக்குக் கை நடுங்கும், பசி தாங்காது, இட்லி, டீ. திரும்பும்போது வெயிலில் நடக்க மாட்டான். ஆட்டோ 100 ரூபாய். மொத்தம் 300 ரூபாயை நெருங்குகிறது. அதோடு தாயின் நூறு நாள் வேலை ஒரு நாள் போய்விடுகிறது. இந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 319 ரூபாய்.

மாத்திரை முழுக்க இலவசம். ஒரு பைசா யாரும் கேட்டதில்லை என்று அந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் அதை வாங்கப் போகும் நாளுக்கு அறுநூறு ரூபாய் ஆகிறது. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு இதையே சொல்கிறது. மனநோய் உள்ளவர் இருக்கும் குடும்பம் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்கும் செலவழிக்கிறது. நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே இல்லாமல் இருக்கிறார்கள் என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த எண்ணை முன்பு படித்தபோது, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன். இந்தத் தாய்க்கு என்ன விழிப்புணர்வு குறைவு? மகனுடைய மாத்திரைப் பெயர்கள் அத்தனையும் மனப்பாடமாகச் சொல்கிறார்.

வீடு ஓட்டு வீடு. சுற்றிச் சீமைக் கருவேலம். குடிதண்ணீர் குடம் 12 ரூபாய் என்று தள்ளுவண்டியில் வருகிறது. அந்தத் தண்ணீரைத்தான் எங்களுக்கு முதலில் கொடுத்தார். பிறகு கருவாட்டுக் குழம்பும் சோறும். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. இங்கே விளையும் முண்டு மிளகாய். மகன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பேசவில்லை. என் தட்டில் குழம்பு தீர்ந்ததைப் பார்த்துச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

சாப்பிட்டு முடிக்கும்போது வாசலில் ஒரு பெண் குரல் கொடுத்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர். தாயின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, அட்டையில் எழுதி, ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, பேரப் பிள்ளையின் காய்ச்சலையும் விசாரித்துவிட்டுப் போனார். எல்லாம் பத்து நிமிடம். அந்தத் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது. இன்றோடு 3 ஆண்டுகள். நல்ல திட்டம், அதன் பலனை இன்று நேரில் கண்டேன்.

அவர் போனதும் அந்தத் தாய் கேட்டார்: "தாயி, எனக்குப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே பையில் என் மகன் மாத்திரையையும் போட்டுக் கொடுத்தால் ஆகாதா?"

ஊசியைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் போடலாம். அந்தத் தன்னார்வலர் மாத்திரையைக் கொண்டுவரலாம். மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் பலர். தாலுகா அளவில் மாவட்ட மனநலக் குழு மாதத்தில் ஒரு குறித்த நாளில் வருகிறது என்றாலும், அந்த நாளை மழையிலோ துக்க வீட்டிலோ தவறவிட்டால் மறுபடி மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். போன நவம்பரில் மழையில் பஸ் வராமல், பிறகு கையில் காசில்லாமல், இவர்களுக்கு மூன்று மாதம் மருந்து நின்றுபோயிற்று. பிப்ரவரியில் மகன் கிணற்று மேட்டில் நின்று இரவெல்லாம் கத்தினாராம். பத்து ஆண்டு சேர்த்துவைத்த நிம்மதி ஒரு மழைக்காலத்தில் போய்விட்டது.

என் தம்பிக்கும் மனச்சிதைவுதான். இருபத்து மூன்று வயதில் வந்தது. இன்று ஐம்பது. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மருத்துவர். மருந்து தீரும் முன் கடைக்காரர் கைப்பேசியில் நினைவூட்டுகிறார். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். இந்த வீட்டில் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஓலான்சபின், அதே அளவு. என் தம்பி சாப்பிடும் அதே மாத்திரை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். மகனுக்கு வலது காலில் ஆறாத புண். சர்க்கரை இருக்கிறது. முன்பு வேறொரு மருத்துவமனையில் புண்ணைக் காட்டப் போனபோது, பழைய சீட்டைப் பார்த்துவிட்டு மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் தடுக்கக்கூடிய உடல் நோய்களால். தோழி புண்ணைக் கழுவிக் கட்டினார். தன்னார்வலரைத் திரும்ப அழைத்து, மகனுடைய சர்க்கரையையும் அவர் பட்டியலில் சேர்க்க வைத்தார். அது உடனே நடந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய் – ஏர்வாடி

கீழக்கரையில் இறங்கித் தொதல் வாங்கினோம். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியுமாகக் கிண்டியது, கையில் எண்ணெய் ஒட்டும். கடைக்காரப் பெரியவர் தோழி மூட்டு வலியில் படியேறுவதைப் பார்த்து, "நீங்கள் அங்கேயே இருங்கள் சகோதரி" என்று பொட்டலத்தைத் தாமே கீழே கொண்டுவந்து கொடுத்தார்.

2001ஆம் ஆண்டு இதே ஆகஸ்ட் 6, அதிகாலை. ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மனநல மருத்துவச் சட்டம் 2017, எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

பேருந்து நிறுத்தத் தேநீர்க் கடைக்காரருக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. அப்போது அவருக்கு இருபது வயது. வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். மேலே எதுவும் நாங்கள் கேட்கவில்லை. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தர்காவில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள்; கேரளத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. விளக்கில் இருக்கும் எண்ணெயைத் தொட்டு நெற்றியில் இடுகிறார்கள், தண்ணீர் ஓதித் தருகிறார்கள். கனவில் உத்தரவு வரும் வரை தங்கியிருப்பார்கள். ஒரு திருநெல்வேலித் தம்பதி பத்தொன்பது வயது மகளோடு நாற்பது நாளாக இருக்கிறார்கள். தகப்பனார் கொத்தனார். மகளுக்குக் காதில் குரல் கேட்கிறது. முதலில் செய்வினை எடுக்க 18,000 ரூபாய் போயிற்று, பிறகு தனியார் மருத்துவர், ஸ்கேன் என்று தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று, பிறகுதான் இங்கே.

"இங்கே யாரும் எங்களை எழுந்து போகச் சொல்லவில்லை" என்றார் தாய்.

தர்காவின் பக்கத்திலேயே அரசின் மனநல மருத்துவச் சேவை நடக்கிறது. தவா-துவா, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கட்டும் என்ற திட்டம். குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய முயற்சியின் வழியில் இங்கே வந்தது. தர்காவில் இருப்பவர்களே, "ஓதிய தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொள்" என்று சொல்லி மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். அந்தப் பெண்ணையும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள். தாயின் மடியில் இருந்த மஞ்சள் பையில் எண்ணெய்ப் புட்டியும் ரிஸ்பெரிடோன் மாத்திரை அட்டையும் ஒன்றாக இருந்தன. குரல் கேட்பது இப்போது குறைந்திருக்கிறதாம். மகள் என் கைப்பையின் ஜிப்பில் தொங்கிய சிறிய மணியைப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டாள். கழற்றிக் கொடுத்தேன்.

கொத்தனார் வேலைக்குப் போகாமல் நாற்பது நாள். ஊர் திரும்பினால் மாத்திரையை எங்கே தொடர்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தோழி அவர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு, அருகில் எந்த அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணையும் எழுதி, அங்கேயே ஒருமுறை அழைத்துப் பேச வைத்தார். தமிழிலேயே பேசினார்கள்.

தீயில் இறந்த 28 பேரில் வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவராவது இருந்திருப்பாரா? எனக்கு இந்தக் கேள்வி நாள் முழுக்க இருந்தது. காப்பகம் நடத்தியவர்களுக்குத் தண்டனை கிடைத்தது, அது சரி. அந்தக் குடும்பங்களுக்குத் தங்கள் ஊரிலேயே மாதம் ஒரு ஊசி கிடைத்திருந்தால் அவர்கள் ஏர்வாடிக்கு அனுப்பியிருக்கவே மாட்டார்கள். அந்தக் குற்றத்துக்கு இன்னும் யாரும் பொறுப்பேற்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன் – ராமநாதபுரம்

திங்கள்கிழமை பார்த்த தாயும் மகனும் மாற்றுத்திறனாளிச் சான்றுக்காக வந்தார்கள். வண்டிச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது. 40 விழுக்காடு என்று வந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்கிலும் மதிப்பெண் போட்டு, நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

மருத்துவர் கேட்டார்: "தினமும் குளிக்கிறாரா?"

தாய் நிமிர்ந்து, "தினமும் குளிக்கிறான் ஐயா. துவைத்த சட்டைதான் போடுவான்" என்றார். மகனைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று இத்தனை ஆண்டுகள் காத்த பெருமை அந்தக் குரலில்.

தோழி மெதுவாகக் கேட்டார்: "தண்ணீர் யார் ஊற்றுகிறீர்கள், ஆத்தா?"

"நான்தான்."

"சட்டைப் பொத்தான்?"

"நான்தான் தாயி. அவனுக்குக் கை நடுங்கும்."

மருத்துவர் பேனாவை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் மறுபடி கேட்டார். சாப்பாடு யார் நினைவுபடுத்துவது, கடைக்குத் தனியே போவாரா, பணம் எண்ணுவாரா. அரை மணி நேரம் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவும் இல்லை. தோழி அங்கே இல்லாவிட்டால் என்ன மதிப்பெண் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் தாயின் பிள்ளைக்கு நோயே இல்லாததுபோல ஆகிவிடுகிறது. கூட வந்து பேச ஆள் இல்லாதவர்கள் எத்தனை பேர் இந்த மேசையிலிருந்து வெறும் கையோடு திரும்பியிருப்பார்கள்?

முடிவு பிறகு தெரியும். அட்டை வந்தால் நகரப் பேருந்தில் மகனுக்கும் டிக்கெட் வேண்டாம்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். தாய்க்கு வீடு தேடி வரும் மாத்திரையோடு மகனுடைய மாத்திரையையும் கொடுக்க வேண்டும். மாத ஊசியை அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஊரிலேயே இப்படி இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். தோழியின் குறிப்பேட்டில் அவர்கள் பட்டியல் இருந்தது. தாய் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்; நிறுத்தி நிதானமாகப் போட்டார். வருகிற திங்கள், ஆகஸ்ட் 12, கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் அந்தத் தன்னார்வலரே கூட வந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மகனுக்கு அடுத்த ஊசி செப்டம்பர் 2. அதற்குள் பதில் வராவிட்டால் தோழியும் நானும் மறுபடி வருகிறோம்.